ஆரம்பாக்கத்திலிருந்து எவ்வளவு தூரம்?

(ஆரம்பாக்கத்தில் நடந்த கல்வி உரிமைக் கூட்டத்தில் பேசியது)



மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 31ஆம் பிரிவு சொல்வது இதுதான்: 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்குப் பக்கத்துப் பள்ளியில் இலவசக் கல்வி. விரும்பினால் சிறப்புப் பள்ளியில். யாரும் போடுகிற பிச்சை இல்லை, உரிமை.

இப்போது நம் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றில் வேலை செய்யும் இருளர் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு நடக்க வராது, பேச்சும் தெளிவில்லை. 40 விழுக்காடு என்று யார் எழுதித் தருவது? மருத்துவச் சான்று வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும், முகவரி வேண்டும். சூளைக்குச் சூளை மாறுகிறவர்களுக்கு ஏது முகவரி? மாவட்ட அலுவலகமோ திருவள்ளூரில். இங்கிருந்து ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய், வண்டி மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு! அன்றைய கூலியும் போச்சு.

சான்று கிடைத்தாலும் பயிற்சிக்குக் கும்மிடிப்பூண்டி வட்டார வள மையம். அதுவும் ஒருநாள் போனால் போதாது, தசைப் பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் சமக்ர சிக்ஷாவில் மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு, அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம்தான். ஒரு நாள் கூலிக்கு ஈடாகுமா?

வசதியும் பழக்கமும் உள்ள வீடு இந்தத் தூரத்தை எப்படியாவது கடந்துவிடும். காலனியும் சூளையும் கடக்காது. சட்டம் சாதி பார்த்து எழுதப்படவில்லை, ஆனால் போய்ச் சேரும் வழியில் சாதி உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு ஊர் சொல்லும், “முன்ஜென்ம பாவம்” என்று. நம்மைச் சேரியில் வைத்ததற்கும் இதே கதையைத்தானே சொன்னார்கள்?

ஆசிரியர்கள் விஷயம் இன்னும் மோசம். உச்சநீதிமன்றம் 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் தலையிட்ட பிறகு, தொடக்கப்பள்ளியில் 10 குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. இங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக ஓடுகிறார்கள். அந்த ஊதியம் வரும் சமக்ர சிக்ஷா நிதியைத்தான் 2024-25இல், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தியது. 2,152 கோடி ரூபாய்! அந்த அநியாயத்தை எதிர்ப்போம். அதே மூச்சில் மாநில அரசையும் கேட்போம்: நிரந்தரப் பணியிடம் எங்கே?

வருகிற கிராமசபையில் இரண்டு கேள்வி போதும். காலனியிலும் சூளையிலும் பள்ளிக்கு வராத மாற்றுத்திறன் குழந்தைகளின் பட்டியல் இருக்கிறதா? சான்று வழங்கும் முகாமை ஆரம்பாக்கத்திலேயே எப்போது நடத்துவீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.