இலையின் பச்சையைப் பகுத்துக் காட்டும் பெட்டி

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நெற்பயிர் சற்று வெளிறினால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம். பயிர் கேட்பது யூரியாதானா என்று பார்ப்பதில்லை. இலையின் பச்சையைப் பகுத்துப் பார்த்தால் இந்த அவசரம் குறையும். அதற்கான கருவிதான் நிறமாலைமானி. அதன் எளிய வடிவத்தை நீங்களே வீட்டில் செய்யலாம்.

தேவையானவை: செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, பழைய பாட்டு சி.டி., சவர பிளேடு இரண்டு, கறுப்புத் தாள்.

பெட்டியின் உட்புறம் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். ஒரு குறுகிய பக்கத்தில், அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், படுக்கை வாட்டில் ஒரு துளை வெட்டுங்கள். அதன்மேல் பிளேடுகளை விளிம்போடு விளிம்பாக, தாள் கனமே இடைவெளி விட்டு ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் சி.டி.யை அடித்தளத்திலிருந்து 60 பாகை சாய்த்து நிறுத்துங்கள். பளபளப்பான முகம் இடைவெளியைப் பார்த்திருக்கட்டும். சி.டி.யின் கீழ்ப்பாதிக்கு நேர் மேலே, மூடியில் பார்வைத் துளை இடுங்கள்.

சி.டி.யில் மில்லிமீட்டருக்குச் சுமார் 625 வரிகள் உள்ளன. அவையே ஒளியைப் பிரிக்கின்றன. வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்தால் வானவில் தெரியும். சூரியனை நோக்கி மட்டும் பிடிக்காதீர்கள், கண் கெடும். பார்வைத் துளையில் கைப்பேசியை வைத்துப் படமும் எடுக்கலாம். பழைய பாதரசக் குழல்விளக்கின் பச்சைக்கோடு 546, நீலக்கோடு 436 நானோமீட்டர். இவ்விரண்டையும் படத்தில் குறித்துக்கொண்டால் அதுவே அளவுகோல்.

இனி, இலைகளைக் கசக்கிச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள். நெருப்பு அருகில் வேண்டாம். தெளிந்த பச்சைச் சாற்றைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, இடைவெளியின் முன் பிடியுங்கள். வானவில்லில் சிவப்பிலும் நீலத்திலும் இருள் விழும், பச்சை தங்கும். இருண்ட ஒளியைப் பச்சையம் விழுங்கிவிட்டது. அந்த ஒளிதான் பயிரின் உணவுத் தயாரிப்புக்கு உதவுகிறது.

பச்சையம் உருவாகத் தழைச்சத்து வேண்டும், இரும்பும் வேண்டும். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளிறும். இரும்போ கந்தகமோ குறைந்தால் இளம் இலைகள் முதலில் வெளிறும். அப்போது யூரியா இட்டால் குறை தீராது. மிகுந்த தழைச்சத்து புகையானையும் குலைநோயையும் வரவேற்கும், பயிரும் சாயும்.

எத்தனை கிலோ உரம் என்பதை இப்பெட்டி சொல்லாது. நெல்லுக்கு இலை வண்ண அட்டையையும், நிலத்துக்கு மண் பரிசோதனையையும் நம்புங்கள். வெளிறிய பயிரைக் கண்டால், எந்த இலை முதலில் வெளிறியது என்று குனிந்து பாருங்கள். மூட்டையைப் பிறகு பிரிக்கலாம்.