அடுப்படியிலும் தியானம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விழா என்றால் கொடியும் தேரும் இன்னிசையும் உண்டு. அவை வேண்டியவைதாம். ஆனால் விழா முடிந்த மறுநாள் காலையில் நாம் அடுப்பு மூட்ட வேண்டும். பேருந்தைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அந்த மறுநாளைக்கு உதவக்கூடிய ஒரு பொருளைப் பற்றி இன்று சேர்ந்து சிந்திப்போம். அன்றாட வாழ்வில் தியானம் என்பதே அப்பொருள்.

தியானம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் சற்று ஒதுங்கிக்கொள்கிறோம். அது துறவிகளுக்கும், ஆண்டுக்கொருமுறை தியான இல்லத்தில் மூன்று நாள் மௌனம் காப்பவர்களுக்கும் உரியது; நமக்கு நேரம் ஏது என்கிறோம். நேரம் ஒதுக்கி உட்கார்ந்தாலும் மனம் உட்காருவதில்லை. செபமாலையின் மணி விரலில் உருளுகிறது. மனமோ சீட்டுப் பணத்திலும் மகளின் திருமணத்திலும் உருளுகிறது. ஆகவே, தியானம் நமக்கு வராது என்று முடிவுகட்டி விடுகிறோம்.

இம்முடிவு சரிதானா? இதற்குப் பதில் சொல்ல ஒரு சமையற்காரரை அழைப்போம்.

அவர் பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்த லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு அதிகமில்லை. இளமையில் போர்வீரராய் இருந்து காயமுற்றார். பிறகு ஒரு பெரியவரிடம் பணியாளராய் இருந்தார்; எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் முரட்டு ஆள் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டார். பதினெட்டாம் வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். இன்னும் சில நாளில் இதே மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தைத் தொட்டது. இறைவனின் பராமரிப்பை அன்று உணர்ந்தவர் பின்னர் ஒருபோதும் அதை மறக்கவில்லை.

1640-ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலுள்ள கார்மேல் சபை மடத்தில் பொதுநிலைச் சகோதரராய்ச் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்று பெயர் பெற்றார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன தெரியுமா? சமையல்! அதுவும் இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை. பதினைந்து ஆண்டுகள் அந்த அடுப்படியில் உழைத்தார். கால் ஊனமுற்றதால் பிற்காலத்தில் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். மடத்திற்குத் திராட்சை இரசம் வாங்கி வரப் படகில் அனுப்பப்பட்டபோது, சரியாக நடக்க இயலாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு நகர வேண்டியிருந்தது. இத்தகையவரிடம்தான் படித்தவர்களும் பெரிய பதவியிலிருந்தோரும் செபிக்கும் வழி கேட்டு வந்தார்கள். 1691-இல் அவர் இறந்தார். அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் அதன் பிறகே தொகுக்கப்பட்டு அச்சேறின. முந்நூறு ஆண்டுகள் கடந்தும் பல மொழிகளில் அவை வாசிக்கப்படுகின்றன.

அவர் கண்ட உண்மைதான் என்ன? வேலை நேரம் வேறு, செப நேரம் வேறு என்று அவர் பிரிக்கவில்லை. பாத்திரங்களின் ஓசைக்கும் பலர் ஒரே வேளையில் இட்ட கட்டளைகளுக்கும் நடுவே, நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பது போன்ற அமைதியில் இருக்க முடியும் என்று அனுபவத்தில் கண்டார். வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதும், தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதும் இறையன்புக்காகச் செய்யப்படலாம் என்றார். வேலையைத் தொடங்குமுன் சுருக்கமாய் ஒரு வேண்டுதல். வேலையின் நடுவே அவ்வப்போது உள்ளத்தை உயர்த்துதல். முடிந்தபின், நன்றாய்ச் செய்திருந்தால் நன்றி, தவறியிருந்தால் மன்னிப்பு. அவருடைய முறை இவ்வளவே.

இதெல்லாம் அவருக்கு எளிதாய் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்புற்றதாக அவரே எழுதியிருக்கிறார். மனம் அலையும்போது என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, கலங்க வேண்டாம், கலக்கம் மனத்தை இன்னும் சிதறடிக்கும், அமைதியாய்த் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றே அறிவுரை கூறினார்.

அன்பர்களே, நாம் இன்று மனத்தில் இருத்த வேண்டிய கருத்து இதுதான். மனம் அலைவது தியானத்தின் தோல்வி அன்று. அலைந்த மனத்தைக் கோபமின்றித் திருப்பிக் கொண்டுவருவதே தியானம். நூறு முறை போனால் நூறு முறை திரும்புவோம். மேயப் போன மாட்டை அடித்து ஓட்டினால் அது மிரளும். கயிற்றைப் பிடித்து மெல்ல அழைத்து வந்தால் வரும். மனமும் அப்படித்தான்.

இந்த வழி லாரன்ஸ் ஒருவருக்கே சொந்தமானதன்று. அவருடைய சபையைச் சீர்திருத்திய அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள், அடுப்படியில் பாத்திரங்களின் நடுவேயும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்குச் சொன்னார். மார்த்தா வீட்டிலும் இயேசு சமையலைக் கண்டிக்கவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கிய மனத்தையே கண்டித்தார்.

பிற சமயத்தாரும் இதனை அறிந்திருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதற்கு முன்னரே, 1950-இல், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையோரம், பிரான்சிலிருந்து வந்த இரண்டு குருக்கள் நம் நாட்டு முறையில் தியானம் செய்யச் சாந்திவன ஆசிரமத்தை நிறுவினார்கள். புத்த சமயத்தில், செய்யும் செயலில் நினைவோடிருத்தலைப் பாலி மொழியில் 'சதி' என்பர். வியட்நாம் நாட்டுத் துறவி திக் நாட் ஹான், போரின் நடுவே சேவை செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்காக இதைப் பற்றி எழுதினார். பாத்திரம் கழுவும்போது, எப்போது முடியும் என்று பறக்காமல், கழுவுவதையே முழு மனத்தோடு செய்யுங்கள் என்பது அவர் கூறிய பாடங்களுள் ஒன்று. 1979-இல் அமெரிக்காவில், மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியால் வருந்தியவர்களுக்கு இத்தகைய பயிற்சி கற்பிக்கப்படலாயிற்று. அன்று தொடங்கியது இன்று பல நாடுகளுக்குப் பரவியுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தியானம் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. தூக்கமின்றி, உயிரே வெறுத்து, ஆழ்ந்த துயரத்தில் இருப்பவரிடம் கண்ணை மூடி உட்காருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது அன்பன்று. அவரோடு நாம் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் அருகில் இருக்க வேண்டும். அதுபோல, கூலி மறுக்கப்பட்டவரிடம் மன அமைதியைப் போதித்துவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் கூடாது.

சரி, நாளை முதல் நாம் என்ன செய்யலாம்? நான்கு எளிய பழக்கங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நம் ஆலய மணி. மூவேளைச் செபத்திற்காக அது காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒலிக்கிறது. நம் முன்னோர் வயலில் நின்றாலும் கடையில் இருந்தாலும் அந்த ஒலியில் கைவேலையை நிறுத்திச் செபித்தார்கள். திக் நாட் ஹான் 1982-இல் பிரான்சில் அமைத்த மடத்தில், மணியடித்ததும் அனைவரும் பேச்சையும் வேலையையும் நிறுத்தி மூச்சைக் கவனிக்கிறார்கள். இதைக் காணப் பலர் கடல் கடந்து செல்கிறார்கள். நமக்கோ மணி வாசலிலேயே இருக்கிறது. நாம் நின்றால் போதும்.

இரண்டாவது, ஒரு வேலை. எல்லா வேலையையும் தியானமாக்க ஒரே நாளில் முயல வேண்டாம். அரிசி களைவதோ, வாசல் பெருக்குவதோ, பேருந்துக்காகக் காத்திருப்பதோ, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். அந்த ஒன்றைச் செய்யும்போது கையும் மனமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மனம் நழுவினால் மூச்சைக் கவனித்து, இயேசுவே என்று ஒருமுறை அழைத்து, திரும்புவோம்.

மூன்றாவது, ஒரு மனிதர். ஒரு நாளைக்கு ஒருவர் பேசுவதையேனும் முழுமையாய்க் கேட்போம்.

நான்காவது, இரவில் ஐந்து நிமிடம். காலை முதல் நடந்தவற்றைத் திரும்பிப் பார்ப்பது. எங்கே இறைவன் உடனிருந்தார், எங்கே நாம் அவரை விட்டு விலகினோம் என்று அமைதியாய் நினைப்பது. இத்தகைய ஆன்ம சோதனையைப் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் வகுத்துத் தந்தார். அந்நூலுக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் 1548-இல் கிடைத்தது.

இந்நான்கில் மூன்றாவதைப் பற்றி இன்னும் சற்றுப் பேச வேண்டும். ஏனெனில் நம் குடும்பங்களின் நலமே அதில்தான் அடங்கியிருக்கிறது. இன்று நாம் வீட்டில் இருக்கிறோம். ஆனால் இருந்தும் இல்லாதவர்களாய் இருக்கிறோம். பிள்ளை பள்ளியில் நடந்ததைச் சொல்ல வருகிறது. நம் கண் கைப்பேசியில் இருக்கிறது. 'உம், சொல்லு' என்கிறோம். பிள்ளை இரண்டு நாள் சொல்லிப் பார்க்கும். மூன்றாம் நாள் சொல்லாது. பிறகு அதற்கு உண்மையிலேயே ஒரு துன்பம் வரும்போது யாரிடம் போய்ச் சொல்லும்? திண்ணையில் இருக்கும் வயதான தாய் ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்கிறார். கதை நமக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்ல விரும்புவது கதையை அல்ல, நான் இன்னும் இருக்கிறேன் என்பதையே. அவர் போனபின் கல்லறைத் திருநாளில் நாம் வாங்கி ஏற்றும் மெழுகுதிரியைவிட, இன்று அவர் அருகில் அமர்ந்து கொடுக்கும் பத்து நிமிடம் மேலானது. கணவன் மனைவி இடையே வரும் சண்டைகளும் பல வேளைகளில் கேளாமையால் வருபவையே. சினம் பொங்கும் அந்த நொடியில், ஒரு மூச்சு நின்று கவனிக்கப் பழகியவர் சொல்லாமல் விட்ட ஒரு சொல் ஒரு வீட்டையே காப்பாற்றும்.

இறைவன் நேற்றைய வருத்தத்திலோ நாளைய பயத்திலோ நம்மைச் சந்திப்பதில்லை. இந்த வேளையில், இந்த வேலையில், நம் முன் நிற்கும் இந்த மனிதரில் சந்திக்கிறார். நாம் அங்கே இல்லாவிட்டால் அவர் யாரைச் சந்திப்பார்?

இருபத்தைந்து ஆண்டுகளாய் நாம் கல்லும் சுண்ணாம்பும் உழைப்பும் கொடுத்து இந்த ஆலயத்தைப் பேணினோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் ஒவ்வோர் அடுப்படியும், வயலும், கடையும், அலுவலக மேசையும் இறைவனை நினைக்கும் இடமாகட்டும். நாளை நண்பகல் மணி ஒலிக்கும்போது, எங்கிருந்தாலும் ஒரு நிமிடம் நிற்போம். அங்கிருந்து தொடங்குவோம்.

 இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!