கம்பெனியின் பதிவு விலாசம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விலாசம் என்னுஞ் சொல்லுக்கு உலகத்தார் கொள்ளும் பொருள் ஒன்று. நாம் கொண்ட பொருள் மற்றொன்று. ஊரார் தெருவையும் கதவிலக்கத்தையும் விலாசம் என்பர். நம் முன்னோரோ பாட்டனார், தகப்பனார் முதலியோரின் பெயர் முதலெழுத்துக்களைக் கோத்து வைத்த கடைப்பெயரையே விலாசம் என்று வழங்கினர். இரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில், ஒரே கூரையின் கீழ்ப் பல விலாசத்தார் தத்தம் பெட்டியடியில் அமர்ந்து தொழில் நடத்தினர். கதவிலக்கம் அனைவர்க்கும் ஒன்றே. ஆயினும் கடிதம் உரியவரைச் சேர்ந்தது. மேலாள் இல்லையேல் அடுத்தாள், அவரும் வெளியே சென்றிருந்தால் பெட்டியடிப் பையன், எவரேனும் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தமையே அதற்குக் காரணம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அரசாங்கத்தார் கேட்கும் விலாசத்தைப் பற்றியாகும். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, ஒவ்வொரு கம்பெனியும் பதிவான 30 நாட்களுக்குள்ளும் அதன் பின்னர் எக்காலத்தும், தனக்கு வரும் கடிதங்களையும் அறிவிப்புக்களையும் ஏற்றுக் கையொப்பமிடத்தக்க பதிவு அலுவலகம் ஒன்றை உடைத்தாயிருக்க வேண்டுமென விதிக்கின்றது. அவ்விடத்தில் வியாபாரம் நடக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கடிதம் வந்தால் வாங்க ஆள் உண்டா என்பதே அதன் கேள்வி. நம்மவரிற் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

கம்பெனி தொடங்கும் நம் இளைஞர் பலர் பற்றின் காரணமாகச் செட்டிநாட்டிலுள்ள பூர்வீக வீட்டையே பதிவு விலாசமாகக் கொடுத்துவிடுகின்றனர். அதை யாம் குறை கூற இயலாது; யாமும் அதனையே செய்தோம். ஐயா கட்டிய வீட்டின் முகப்பில் நம் கம்பெனியின் பலகை தொங்கவேண்டும் என்ற ஆசை. வீடோ வருஷத்தில் பொங்கலுக்கும், கலியாணத்துக்கும், கோயிற் காரியத்துக்குமே திறக்கப்படுவது. தொழிலும் கணக்கும் சென்னையில்.

2019-ஆம் வருஷத்தில் எமக்குச் சரக்கனுப்பிய ஒருவர், பாக்கித் தொகை கேட்டு 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டப்படி அறிவிப்பு அனுப்பினார். அவர் அனுப்பிய சரக்கிற் பழுதிருந்தது. அதனாலேயே பணத்தை நிறுத்தி வைத்தோம். அச்சட்டப்படி அறிவிப்புக் கிடைத்த 10 நாட்களுக்குள் இக்கடனைப்பற்றித் தாவா உண்டென்று பதில் எழுதல் வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் வீட்டுக் காவற்காரர் கையொப்பமிட்டு அதனை வாங்கி, பத்திரமாக இருக்கட்டுமென்று வளவில் அலமாரிக்குள் வைத்துவிட்டார். அவரை நோவதற்கில்லை, கலியாணப் பத்திரிகைகளையும் அவ்வாறே வைப்பவர் அவர். தீர்ப்பாயத்திலிருந்து வந்த மறு அறிவிப்பை உறவினர் ஒருவர் தற்செயலாகக் கண்டு சொன்ன பின்னரே எமக்குச் செய்தி தெரிந்தது. மனு ஏற்கப்படுமுன் வட்டியுடன் கொடுத்துத் தீர்த்தோம். பழுதான சரக்குக்கு முழுவிலை! (2020 மார்ச்சு மாதம் முதல் இம்மனுவுக்குக் கடன் ஒரு கோடி ரூபாயேனும் இருத்தல் வேண்டும், அன்று ஒரு லக்ஷம் போதுமாயிருந்தது.)

வீடு பூட்டியிருந்தது என்று சொல்லித் தப்பலாமோ எனின், அதுவும் எளிதன்று. சரியான விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றிச் சேர்ந்ததாகவே கருதப்படும்.

பூர்வீக வீட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. வீடு கம்பெனியின் பெயரில் இல்லையாயின், உடையவரின் சம்மதக் கடிதமும், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்சார ரசீது போன்றதொன்றும் பதிவாளருக்குக் காட்டல் வேண்டும். நம் வீடுகளுக்கு உடையவர் ஒருவரா? மூன்று தலைமுறைப் பங்காளிகள். ஒருவர் கோயமுத்தூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒரு புள்ளி மட்டும் கையொப்பமிட்டுக் கொடுத்தால், பின்னாளில் பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போது, "எம்மைக் கேளாமல் பலகை மாட்டினீரே" என்ற வார்த்தை வந்தே தீரும். பணநஷ்டத்தைக் காட்டிலும் இது கொடிது என்பது எம் கருத்து.

இனி, ஆடிட்டரின் அலுவலகத்தையே விலாசமாகக் கொடுப்பவர் உளர். மனஸ்தாபம் நேர்ந்து ஆடிட்டரை மாற்றினால் தபாலும் அங்கேயே நின்றுவிடும். மாதவாடகை வாங்கிக்கொண்டு விலாசம் மட்டும் தரும் பொது அலுவலகங்களும் நகரங்களிற் பெருகியுள்ளன. பலருக்கு ஒரே விலாசம் என்பதுபற்றி நாம் முகஞ்சுளிக்கவேண்டா, கிட்டங்கியும் அதுவே. ஆனால் அங்கே உமக்காகப் பெட்டியடியில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். 2019-ஆம் வருஷத்துத் திருத்தப்படி, கம்பெனி தொழில் நடத்தவில்லையென்று நம்பக் காரணமிருப்பின் பதிவாளர் நேரிற் சென்று பார்வையிடலாம். 2022-ஆம் வருஷத்து விதிகள், அவ்வூரார் இருவர் சாக்ஷியாக நிற்கப் புகைப்படமும் எடுக்கச் சொல்கின்றன. தக்க அலுவலகம் இல்லையெனக் கண்டால், கம்பெனியின் பெயரைப் பதிவேட்டினின்று நீக்கவும் நடவடிக்கை தொடங்கலாம்.

எந்த ராஜ்யம் என்பதையும் முன்னரே யோசித்தல் நன்று. ஒரே ஊருக்குள் தெரு மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். ஊரெல்லை கடந்தால் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பெங்களூரினின்று சென்னைக்கு வருவதாயின் மத்திய அரசாங்கத்தின் அனுமதி, கடன்காரருக்கு அறிவிப்பு, பத்திரிகை விளம்பரம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். எந்த ஊர்த் தீர்ப்பாயத்தில் வழக்காடுவது என்பதும் பதிவு விலாசத்தைக் கொண்டே தீர்மானமாகும்.

பலகையைப்பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியின் பெயரையும் விலாசத்தையும் வெளியே தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதாது, அவ்வூரில் வழங்கும் பாஷையிலும் எழுதல் வேண்டும். இதுவும் சட்டமே, தமிழபிமானத்தால் யாம் சேர்த்துச் சொல்வதன்று.

எம் கம்பெனி இப்பொழுது சென்னையில், கணக்குப்பிள்ளை நாள்தோறும் அமரும் அறையையே விலாசமாகக் கொண்டுள்ளது. சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, உரிய படிவத்தையும் தாக்கல் செய்து, கடிதத்தாளிலும் பில்லிலும் புது விலாசத்தை அச்சிட்டுவிட்டோம். வீட்டு முகப்பிலிருந்த பலகையை நாமே சென்று கழற்றினோம். பழைய விலாசத்துக்கு இன்றும் சில கடிதங்கள் வருகின்றன. காவற்காரர் உறையைப் பிரிக்குமுன் கைபேசியிற் படமெடுத்து எமக்கு அனுப்பிவிடுகிறார்.