மார்கழிக் குளிர் எங்கே போனது?

(காணும் பொங்கல் அன்று நம் மொட்டை மாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். ஜனவரி 2024)



பத்து நிமிடம் பேசச் சொன்ன நம் செயலாளர், "ஏதாவது சேமிப்புத் திட்டம் பற்றிச் சொல்லுங்க சார்" என்றார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் லிஃப்டிலும் பால் பூத்திலும் நீங்கள் எல்லோரும் பேசுவது ஒன்றைத்தான்: மார்கழியே முடிந்துவிட்டது, குளிரையே காணோம், ராத்திரி ஃபேன் இல்லாமல் தூங்க முடியவில்லை. அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன். நான் படித்தது பி.காம்.தான். இருந்தாலும் இது அடிப்படையில் வரவு செலவுக் கணக்கு என்பதால் துணிந்து வந்துவிட்டேன்.

பகலில் வெயில் தரையில் வெப்பத்தை வரவு வைக்கிறது. பொழுது சாய்ந்ததும் தரை அதை வானத்தை நோக்கிச் செலவு செய்ய ஆரம்பிக்கிறது. வானம் தெளிவாக, காற்று உலர்வாக இருந்தால் இரவெல்லாம் தடையில்லாமல் செலவாகி, விடியற்காலையில் இருப்பு மிகக் குறைந்துவிடும். அதுதான் குளிர். மேகமும் ஈரப்பதமும் இருந்தால் அவை அந்த வெப்பத்தை வாங்கி, ஒரு பகுதியைத் திரும்பத் தரைக்கே அனுப்பிவிடும்.

இந்த சீசனை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம். நம் பார்க்கிங்கில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்புகூட டெல்டா பக்கம் கனமழை. வழக்கமாக டிசம்பரோடு கணக்கை முடிக்கிற வடகிழக்குப் பருவமழை இந்த முறை ஜனவரிக்குள்ளும் வந்துவிட்டது. மழை போகவில்லை என்றால் மேகம் போகவில்லை, கடல்காற்றும் போகவில்லை என்று பொருள். வங்கக் கடலின் மேற்பரப்பு ஜனவரியிலும் 26, 27 டிகிரி இருக்கும். அதன்மேல் தவழ்ந்து வருகிற காற்று எப்படிக் குளிரும்? சென்னைக்கு நல்ல குளிர் வருவது காற்று திசை மாறி, நிலத்தின் பக்கமிருந்து உலர்வாக வரும் இரவுகளில்தான். 1905 ஜனவரியில் இதே ஊரில் 13.9 டிகிரி வரை இறங்கியிருக்கிறது என்றால் இன்று யார் நம்புவார்கள்?

சரி, மழை ஏன் இப்படி நீண்டது? வாட்ஸ்அப்பில் எல்லாரும் சொல்கிற எல் நினோவுக்கு இதில் பங்கு உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தச் சூட்டைக் கவனித்த பெரு நாட்டு மீனவர்கள், குழந்தை இயேசுவின் நினைவாக வைத்த பெயர் அது. எல் நினோ வருஷங்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தாராளமாக இருக்கும். 2015 வெள்ளமும் அப்படிப்பட்ட வருஷத்தில்தான் வந்தது. இந்த முறை இந்துமாக் கடலின் மேற்குப் பகுதியும் கூடுதலாகச் சூடாகி இருந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் எல் நினோ தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது இரண்டு முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற விருந்தாளி. போன வருஷம் பிப்ரவரியில் எல் நினோ கிடையாது. கடலைக் குளிர்விக்கிற லா நினாதான் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அப்படியும் நாடு முழுவதுமான சராசரிப் பகல் வெப்பம் 29.54 டிகிரி, 1901 முதல் எந்தப் பிப்ரவரியிலும் இல்லாத அளவு. விருந்தாளி வராத மாதமும் வீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போனால் என்ன அர்த்தம்? அடியில் வேறொரு கணக்கு ஓடுகிறது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. போன வாரம் ஐரோப்பாவின் கோபர்நிகஸ் அமைப்பு 2023ஆம் வருஷக் கணக்கை வெளியிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலகச் சராசரி 1.48 டிகிரி கூடுதல்.

"டில்லியில் என் பையன் நடுங்குகிறான், நீங்கள் சூடு என்கிறீர்களே?" என்று மூன்றாவது மாடி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. டில்லியில் பனிமூட்டத்தால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் இதே வாரத்தில், பனிச்சறுக்குக்குப் பேர்போன காஷ்மீரின் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்வெளியாகக் கிடக்கிறது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் அங்கே 'சில்லை கலான்', கடுங்குளிர்க் காலம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள்தான் அங்கே பனி கொட்டும். இந்த முறை அவை சரியாக வரவில்லை. வந்திருந்தால் அந்தக் காற்றும் மழையும் சமவெளியின் மூடுபனியையும் கலைத்திருக்கும். கலையாததால் டில்லியில் பகலிலும் வெயில் தரைக்கு எட்டவில்லை. மலையில் பனி இல்லாததும் சமவெளியில் நடுக்கமும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

குளிர் இல்லாததில் நமக்கென்ன நஷ்டம், ஸ்வெட்டர் செலவு மிச்சம்தானே என்று சிரிக்கலாம். மாமரம் நன்றாகப் பூக்க இரவுக் குளிர் வேண்டும். 2022 மார்ச் வெயிலில் வடக்கே கோதுமை மணி பிடிக்காமல் போய், அந்த மே மாதமே மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆட்டா விலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொசுவும் குளிர்கால ஓய்வு எடுப்பதில்லை.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன். பசிபிக்கை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரவுச் சூட்டில் ஒரு பங்கு நாமே உண்டாக்குவது. சிமெண்டும் பேவர் பிளாக்கும் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்துவிட்டு இரவில் மெல்ல மெல்லக் கக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே தெரிகிற வானம் கொஞ்சம். அதனால் வெப்பம் வெளியேறும் வழியும் கொஞ்சம். போதாக்குறைக்கு ஏசி மெஷின்கள் வீட்டுச் சூட்டைத் தெருவில் கொட்டுகின்றன. குளிர்கால விடியலில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் குறைவான டிகிரி பதிவாவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஈர மண்ணும் மர நிழலும் அவ்வளவு சூட்டைச் சேர்த்து வைக்காது.

பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் ஒரே மண் தரையில் பேவர் பிளாக் போட்டு, இரண்டு வேம்பையும் புங்கையையும் எடுத்துவிட்டு ஆறு கார் நிறுத்தலாம் என்ற தீர்மானம் பிப்ரவரி பொதுக்குழுவுக்கு வருகிறது. தேவை நிஜம்தான். டி பிளாக்கில் நான்கு குடும்பம் தெருவில் காரை விட்டுவிட்டுத் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள். என் மகன் வந்தால் அவன் காரும் தெருவில்தான். இருந்தும் நான் எதிர்த்தே ஓட்டுப் போடப் போகிறேன். மரத்தை விட்டுவிட்டு, புல் முளைக்க ஓட்டை உள்ள பிளாக் போட்டால் மூன்று கார் நிறுத்தலாம். மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். அதற்கும் ஒரு கொட்டேஷன் வாங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குள் ஒரு நாள், வெயில் அடித்த நாளாகப் பார்த்து, இரவு ஒன்பது மணிக்குக் கீழே வாருங்கள். முன்பக்க பேவர் பிளாக்கில் ஒரு கை, வேப்பமரத்தடி மண்ணில் ஒரு கை வைத்துப் பாருங்கள். டி பிளாக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொன்னார்கள்.