ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால்?



இன்றைய அரங்கில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, இணைய ஏலத்தில் பொருளைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் இருந்துவிடுபவர்களைப் பற்றியது. இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? நானும் பட்டவள்தான்!

அப்பா காலமான பிறகு, அவருடைய இசைத்தட்டுகள் எங்கள் தோ பாயோ வீட்டு அலமாரியின் மேல் தூசு படிந்து கிடந்தன. அருமை தெரிந்தவர் கையில் போய்ச் சேரட்டும் என்றார் அம்மா. கிடைக்கும் காசில் தம் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளவும் எண்ணியிருந்தார். 40 வெள்ளியில் தொடங்கிய ஏலம் 310 வெள்ளியில் முடிந்தது. அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! ஆனால், ஏலம் எடுத்தவரிடமிருந்து மூன்று நாட்களாகப் பேச்சு மூச்சே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! அவருடைய பெயர், கைத்தொலைபேசி எண் எல்லாவற்றையும் சமூக ஊடகத்தில் போட்டுவிட முடிவு செய்தேன். அம்மாதான் தடுத்தார். "கோபத்துல எதையும் எழுதாதம்மா. முதல்ல ஒரு தடவ மரியாதையா கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். மறுநாள் ஒரு தாய் பதில் எழுதினார். அவருடைய கைத்தொலைபேசியில் 12 வயது மகன் விளையாட்டாக ஏலம் கேட்டிருக்கிறான். அந்தத் தாய்க்கே அப்போதுதான் விவரம் தெரிந்ததாம். மன்னிப்புக் கேட்டார். அவருடைய பெயரை நான் ஊரறியப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நேயர்களே, பணம் கட்டாதவர் எல்லாரும் மோசடிக்காரர் அல்லர். ஆசையில் கேட்டுவிட்டுக் கையில் காசில்லாதவர் உண்டு. வேறிடத்தில் மலிவாகக் கண்டு மனம் மாறியவரும் உண்டு. அதற்காக நாம் ஏமாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோபத்தை விட்டுவிட்டு முறைப்படி நடந்தால் போதும்.

முதல் விதி, பணம் கைக்கு வருமுன் பொருளை அனுப்பாதீர்கள். பேநவ் வழியாகப் பணம் அனுப்பிவிட்டதாகப் படம் பிடித்துக் காட்டினால் நம்பிவிட வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணத்தைப் பெற்றுக்கொள்ள இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று யாராவது அனுப்பினால், அழுத்தவே அழுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, காலக்கெடுவை மதியுங்கள். இபே தளத்தில் பணம் கட்ட 4 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நினைவூட்டி ஒரு கடிதம் அனுப்புங்கள். பேச்செல்லாம் அந்தத் தளத்திலேயே நடக்கட்டும்; பிறகு சான்றாக இருக்கும். கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் விற்பனையை ரத்து செய்யலாம். அப்போது, பணம் கட்டவில்லை என்ற உண்மைக் காரணத்தையே குறிப்பிடுங்கள். இரக்கப்பட்டு, வாங்குபவரே ரத்து செய்யக் கேட்டார் என்று போட்டுவிட்டால், பணம் கட்டாதது அவருடைய கணக்கில் பதிவாகாது. அடுத்த விற்பனையாளரும் அவரிடம் மாட்டிக்கொள்வார்.

2008ஆம் ஆண்டு முதல் இபேயில் விற்பவர், வாங்குபவரைக் குறைகூறி மதிப்பீடு எழுத முடியாது. ஆனால், இப்படிப் பலமுறை செய்தவர்கள் உங்கள் பொருளைக் கேட்க முடியாதபடி முன்கூட்டியே தடுத்து வைக்கலாம். ஏலம் வேண்டாம், விலை குறித்தே விற்கிறேன் என்பவர்கள், உடனே பணம் கட்டினால்தான் பொருள் என்று நிபந்தனை வைக்கலாம்.

பொருள் கைவிட்டுப் போய், பணமும் வராவிட்டால்? சிங்கப்பூரில் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், எதிர்த் தரப்பின் பெயரும் முகவரியும் தெரிந்திருக்க வேண்டும்.

அவமானப்படுத்தும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 தொடக்கத்திலிருந்து இங்கே குற்றம். நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நாம் நிற்கலாமா?

ஏலம் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அழுத்தும் பொத்தான் ஒரு வாக்கு. வாங்க முடியாவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். மறைந்துகொள்ளாதீர்கள். கைத்தொலைபேசியைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் ஏலக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

எங்கள் இசைத்தட்டுகள் என்னவாயின? இரண்டாவதாகக் கேட்டிருந்தவருக்கு எழுதினேன். அவர் கேட்டிருந்த 300 வெள்ளிக்கே எடுத்துக்கொண்டார். உட்லண்ட்ஸிலிருந்து நேரில் வந்த பெரியவர், ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்லையேம்மா. எவ்வளவு பக்குவமா வச்சிருந்திருக்காரு!" என்றார். அம்மாவுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. 10 வெள்ளி குறைந்ததை அதன்பிறகு யாரும் பேசவில்லை.