உழவூர் தந்த குடியரசுத் தலைவர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில் தண்டவாளமே எட்டிப் பாராத இந்த வித்துராவுக்கு, இரயில்வே எழுத்தராகிய நம்மைப் பேச அழைத்த சங்கத்தாருக்கு வணக்கம்.

ஆபிரகாம் லிங்கன் மரக்குடிசையில் பிறந்து, இரவல் நூல்களைப் படித்து அமெரிக்கக் குடியரசின் தலைவரானார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழ்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் இதே கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்து உழவூரில், ஓலைக் குடிலில் பிறந்த ஒருவரை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். அவரே திரு. கே. ஆர். நாராயணன்.

தந்தையார் இராமன் வைத்தியர், சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் அறிந்தவர். கல்வியறிவு இருந்தது, காசு இல்லை. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட குலம் வேறு. சிறுவன் நாராயணன் நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வயல் வரப்புகளில் நடந்தே பள்ளி சென்றான். சம்பளம் கட்டாத நாள்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டான். நூல் வாங்க வழியில்லை. ஆஸ்துமாவால் வீட்டோடு முடங்கிய அண்ணன் நீலகண்டன், பிற மாணவரிடம் இரவல் வாங்கிய நூல்களைக் கையால் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். அந்த அண்ணனை நினைக்கும்போது நமக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

பின்னர் உதவித்தொகை பெற்று, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1943-இல் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். ஆயினும் விரிவுரையாளர் பதவி மறுக்கப்பட்டது. எழுத்தர் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் அதையும் வேண்டாமென்றார், பட்டத்தையும் வாங்க மறுத்தார் என்பர். எழுத்தர் நாற்காலியிலேயே தலை நரைத்து வரும் நாம் அந்த வேலையை இழிவாகப் பேச மாட்டோம். அதுதான் நமக்குச் சோறு போடுகிறது. எனினும் தகுதிக்குரிய இடத்தை மறுத்துவிட்டு, இரங்கி நீட்டும் இடம் வேறு வகைத்தன்றோ!

சிறிது காலம் பத்திரிகைத் தொழில். 1945-இல் டாட்டா உதவித்தொகையில் இலண்டன் சென்று பேராசிரியர் லாஸ்கியிடம் பயின்றார். லாஸ்கி எழுதிய அறிமுகக் கடிதத்தோடு நேருவைக் கண்டு, 1949-இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். 1962 போருக்குப்பின் நெடுநாள் வெறுமையாய்க் கிடந்த சீனத் தூதர் பதவிக்கு 1976-இல் சென்றவர் இவரே. ஒற்றப்பாலத்தில் மும்முறை நாடாளுமன்ற உறுப்பினர். 1992-இல் குடியரசுத் துணைத் தலைவர். 1997 ஜூலை 25-இல் குடியரசுத் தலைவர்.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். கோப்புகளோடு வாழ்பவருக்குத் தெரியும்: மேலிடம் முடிவு செய்துவிட்ட தாளில் கையெழுத்திடுவது எளிது, குறிப்பெழுதித் திருப்பியனுப்புவது அரிது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்குமாறு மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தபோது, மீண்டும் ஆராயுமாறு அவர் திருப்பியனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது. 1998 செப்டம்பரில் வேறோர் அமைச்சரவை பீகார் குறித்து அனுப்பியதையும் திருப்பினார். 1999 பிப்ரவரியில் அது மறுபடி வந்தபோது கையெழுத்திட்டார். அதில் முரண் இல்லை. ஒருமுறை திருப்பலாம், மறுமுறை வந்தால் ஏற்க வேண்டும் என்பதே அரசியல் சட்டம். சட்டம் தந்த அந்த ஒரு முறையை அவர் வீணாக்கவில்லை.

1998 பொதுத் தேர்தலில், பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் எவரும் அதற்குமுன் செய்யாததைச் செய்தார்: வரிசையில் நின்று வாக்களித்தார். வகுப்புக்கு வெளியே நின்று பழகிய கால்கள் அல்லவா! 2002-இல் பதவிக்காலம் முடிந்தது. 2005 நவம்பர் 9-இல் டில்லியில் காலமானார்.

கோடை விடுமுறையில் காலனிப் பிள்ளைகளை உழவூருக்கு அழைத்துச் சென்று காட்ட எண்ணுகிறோம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கோட்டயம் வரை இரயில் பயண ஏற்பாடு நம் பொறுப்பு.