அனுபவம் திருத்திய கொள்கை

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று 1986-ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்நாளில் தக்க மருந்து இல்லை. அச்சமே மேலோங்கி நின்றது. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுள்ளோரைத் தனிமைப்படுத்த இடமளித்தது. 1989-இல் அங்கு இரத்த தானம் செய்த ஓர் இளைஞர், தொற்று இருப்பது தெரிந்ததும் 64 நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார்.

பரிசோதனையின் முடிவு காவல் எனில், எவர் முன்வருவார்? மறைந்து வாழ்பவரை அறிவுரையும் எட்டாது; மருந்தும் எட்டாது.

இவ்வுண்மையை உணர்ந்து கொள்கை படிப்படியாகத் திருந்தியது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. பின்னர், ஒதுக்கப்பட்ட மக்களே தொண்டு நிறுவனங்கள் வாயிலாகத் தடுப்புப் பணியில் பங்காளிகளாயினர். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. முதலில், நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைந்தோருக்கே அது கிடைத்தது. முன்கூட்டியே தரும் சிகிச்சை உயிரைக் காப்பதோடு பிறருக்குப் பரவுவதையும் தடுக்கும் என ஆய்வுகள் காட்டவே, வரம்பு தளர்த்தப்பட்டு, 2017-இல் அறவே நீக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், தொற்றுள்ளோரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது.

நாளை உங்கள் மேசைக்கு வரும் விதிகளும் திருத்தத்திற்கு உரியவையே. விதியால் பாதிக்கப்படுவோரின் சொல்லைக் கேளுங்கள். கேட்டதைக் கோப்பில் எழுதுங்கள். திருத்தம் அங்கிருந்தே தொடங்குகிறது.